ஆறாவது வாசல்

மேட்டுத் தெருவில் யாரும் குழாயை மூடுவதில்லை. தண்ணீர் எந்த நாளில் வரும், எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாத தெருவில் அது ஒரு ஏற்பாடு. குழாயைத் திறந்துவிட்டு, கீழே ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டு, அவரவர் சோலியைப் பார்ப்பார்கள். முதலில் காற்று சீறும். அப்புறம் துருத் தண்ணீர் குடத்தின் அடியில் விழும். அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்தால் போதும். வருடங்கள் போகப் போகச் சீறலும் நின்றுபோனது. குழாய்கள் மட்டும் திறந்தபடியே கிடந்தன. அவற்றின் கீழே குடங்களும்.

போடியில் கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும்தான் வருகிறது. ஆனால் மேட்டுத் தெருவுக்கு வரும் இரும்புக் குழாய் யார் காலத்தில் பதித்தது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. உள்ளே துரு அடைத்து, மேட்டில் ஏறத் தண்ணீருக்குத் தெம்பில்லாமல் போனது. தண்ணீர் போன பின்னால் ஆட்களும் போனார்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்பில் போய்வந்தவர்கள், மேலேயே தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் தங்கிக்கொண்டார்கள். அங்கே தண்ணீர் பிடிக்க வேண்டியதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் வசதி கண்டவர்கள் தேவாரம் ரோட்டில் போர் போட்டு வீடு கட்டிப் போனார்கள். ரேஷன் கார்டும் ஓட்டும் மட்டும் மேட்டுத் தெருவிலேயே இருந்தன.

போகும்போது ஒவ்வொருவரும் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கடைசி வீட்டு மகாராணியிடம் கொடுத்தார்கள். மழைக்கு ஓடு சரிந்தால் பார்க்க, எலிப்பொறி வைக்க, கரன்ட் ஆபீஸ் ஆள் வந்தால் திறந்துவிட.

"நீதான் இருக்கேல்ல" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவள் எங்கும் போகமாட்டாள் என்பதை அவளைக் கேட்காமலே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் சாவிகள் தொங்கின. எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒரு கலர் துணி கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுச் சாவி மட்டும் அதில் இல்லை. அது செல்லக்கிளியின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்த காலத்தில் செல்லக்கிளி குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினாள். அவள் வீட்டுத் தொட்டி நிறைய, கடைசி வீட்டுக் குடம் காய்ந்து கிடந்தது. மகாராணி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், மூன்றாம் தரம் நகராட்சியில் போய் எழுதிக் கொடுத்தாள். ஆட்கள் வந்து மோட்டாரைக் கழற்றிப் போனார்கள். அதற்குப் பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் உள்ளவளும் அந்தப் பக்கம் உள்ளவளும் பேசிக்கொள்ளவில்லை. செல்லக்கிளி குடும்பம் மலைக்கு மேலே பூப்பாறைக்குப் போனபோது சாவியும் பூப்பாறைக்குப் போனது.

மகாராணிக்கு அறுபது நெருங்குகிறது. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை. தண்ணீருக்கு மேட்டின் அடியில் மெயின் ரோட்டுத் தெருக்குழாய். போன ஐப்பசியில் இடுப்பில் குடத்தோடு மேடு ஏறும்போது வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பு பழைய இடுப்பாக இல்லை. இப்போது சின்னக் குடம்தான் தூக்க முடிகிறது, அதையும் நடுவில் ஒரு தரம் இறக்கி வைத்துத்தான்.

மகன் இனியவன் திருப்பூரில் இருந்தான். விழுந்த செய்தி கேட்டதும் போனில் சொன்னான்: "தண்ணி வராத தெருவுல உனக்கு என்னம்மா சோலி? இங்க வந்துரு. ரோஜாவும் சொல்றா."

திருப்பூர் வீடு அவளுக்குத் தெரியும். ஒரே அறை, ஒரு சமையல் கட்டு. மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்குப் போன பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார வேண்டும். அக்கம்பக்கத்தார் இந்தி பேசுவார்கள். பத்து நாள் இருந்ததில் அவள் பேரைச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.

"தை வரைக்கும் பாப்போம்" என்றாள்.

"தைக்குள்ள பைப்பு வந்தா இரு. வரலைனா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்றான் இனியவன்.

அவன் சும்மா சொன்னதுதான். ஆனால் அந்தக் கார்த்திகையிலேயே பைப்பு பற்றிய பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. பழைய குடிநீர்க் குழாய்களை எடுத்துவிட்டுப் புதிது பதிக்க மேம்பாட்டு நிதி வந்திருக்கிறது என்றார்கள். கீழ்த் தெருக்களில் ஜேசிபி நின்றது. கறுப்புக் குழாய்ச் சுருள்கள் ரோட்டோரம் கிடந்தன, அவற்றின் மேல் ஆடுகள் ஏறி நின்றன.

ஒரு நாள் காலையில் நகராட்சிக் குழாய் பிட்டர் அருள்பாண்டி கையில் டேப்போடு மேட்டுத் தெருவுக்கு வந்தான். மகாராணி வாசலில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தெருவுல யாரையும் காணோமே?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கீங்க. அந்தா ஒரு நாய் படுத்திருக்கு. வேற?"

"எல்லாரும் சோலிக்குப் போயிருக்காங்க."

அருள்பாண்டி சிரித்தான். பூட்டுகளில் பச்சை ஏறியிருந்ததை அவன் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தான். "பேருக்கேத்த மாதிரி ஒத்த ஆளா ஒரு தெருவையே ஆளுறீங்க. ஆனா சொல்லிர்றேன்க்கா. இந்த நிதி ஆளு குடியிருக்கிற தெருவுக்குத்தான். பாதி வீட்டுக்கு மேல குடி இருக்கணும். பொங்கலுக்கு முந்துன ஞாயித்துக்கெழமை என்ஜினியர் மேடம் நேர்ல வந்து பாக்குறாங்க. இல்லைனா பைப்பு தெரு முக்கோட நின்னுரும். மிச்சத்த வேற தெருவுக்குத் திருப்பிருவாங்க."

"ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டு இருக்கு..."

"கார்டு தண்ணி குடிக்காதுக்கா."

அவன் போன பின்னால் மகாராணி தெருவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பதினோரு வீடு. ஆறு வேண்டும். ஒன்று அவளுடையது.

அன்று மாலையே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைவீட்டு யோகராஜ் சாந்தம்பாறைப் பக்கம் ஜீப்பு ஓட்டுகிறான். அவனிடம் விஷயத்தைச் சொன்னதும், "ஒரு நாளுதான? வர்றேன் பெரியம்மா. வர்ற ஆளுக எல்லாத்தையும் ஜீப்புல ஏத்திக் கொண்டாந்து எறக்கிர்றேன். ஓட்டுப் போட வந்தப்ப ஏத்தியாரலையா?" என்றான். வேலுத்தாய் அவளோடு கிட்டங்கியில் சேர்ந்து காய் பொறுக்கியவள், இப்போது மகளோடு மேலே இருக்கிறாள். அவளும் சரி என்றாள். சின்னமுத்து, "தண்ணி வந்தா வீட்ட நல்ல வெலைக்குக் கேப்பாங்க" என்று வெளிப்படையாகவே சொல்லி ஒத்துக்கொண்டான். மருதாயி, பேரனுக்குப் போடியில் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருக்கிறது, அதோடு இதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மற்ற வீடுகளில் ஒன்று இடிந்து கிடந்தது. ஒன்று பங்காளிகளுக்குள் கேஸில் இருந்தது. தேவாரம் ரோட்டுக்குப் போனவர்கள், அங்கேயும் குடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், இங்கே வந்து நின்றால் வம்பு என்றார்கள். சென்னையில் இருந்தவர்கள் போனையே எடுக்கவில்லை.

ஐந்து வாசல் ஆயிற்று. ஆறாவதாகத் தெருவில் கேட்பதற்கு ஒருத்திதான் மிச்சம்.

இரண்டு நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் குடத்தோடு மேட்டில் பாதியில் நின்றபோது வேலுத்தாயிடம் போனில் நம்பர் வாங்கிப் போட்டாள்.

"ஆரு?" என்றது செல்லக்கிளியின் குரல். பின்னால் மிஷின் ஓடும் இரைச்சல்.

"நான் மகாராணி பேசுறேன்."



"என்ன, இங்கனயும் மோட்டாரு இருக்குன்னு எழுதிக் குடுக்கப் போறியா? இது காய் ஒணத்துற மோட்டாரு."

 மகாராணி பைப்பு வருவதை, ஞாயிற்றுக்கிழமையை, ஆறு வாசலை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். 

"அஞ்சுதான் ஆச்சு. ஒரு வாசல் கொறையுது" என்றாள் கடைசியில்.

"ஓகோ. ஒரு வாசல் கொறையவும்தான் என் வாசல் கண்ணுல பட்டுச்சாக்கும்."

"ஆமா" என்றாள் மகாராணி.

"ஞாயித்துக்கெழமையும் காய் ஒணத்துற ஸ்டோர்ல பணி உண்டு" என்று சொல்லிவிட்டு செல்லக்கிளி வைத்துவிட்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே மகாராணி எழுந்துவிட்டாள். முந்தின நாள் சேர்த்து வைத்திருந்த தண்ணீரை அளவாகத் தெளித்து, தலைவீட்டிலிருந்து ஆரம்பித்து வரப்போகிறவர்களின் வாசலில் எல்லாம் கோலம் போட்டாள். குனிந்து நிமிர இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்து இழுத்துப் போட்டு உட்கார்ந்து போட்டாள். மாவு பிசிறாத நேர் இழை அவளுக்கு. நாலு மூலையிலும் மும்மூன்று புள்ளி வைத்து முடிப்பது சின்ன வயதிலிருந்து வழக்கம். செல்லக்கிளி வாசலுக்கு வந்ததும் கோலப்பொடிக் கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் வாசலில் அவளைக் கேட்காமல் எப்படி? அதை அப்படியே விட்டுவிட்டுத் தன் வாசலுக்குப் போனாள்.

ஏழு மணிக்கு யோகராஜின் ஜீப்பு ஆட்களோடு வந்தது. ஓட்டுக்கு வருவதுபோலப் பின்னால் ஏணியில் தொங்கிக்கொண்டும் வந்தார்கள். சாவி சாவியாக வாங்கிப் போய்க் கதவுகளைத் திறந்தார்கள். அடைத்துக்கிடந்த காற்றும் எலிப் புழுக்கை வாடையும் தெருவுக்கு வந்தன. வேலுத்தாய் தன் வீட்டுக்குள் போய்ப் பழக்கத்தில் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. "எங்கிட்டுப் போனாலும் இவன் மட்டும் வாயத் தொறந்துகிட்டே கெடக்கான்" என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். மருதாயி அடுப்பைப் பற்ற வைத்து, இரண்டு வருடமாக உள்ளே இருந்த சிலிண்டரில் இன்னும் கேஸ் இருப்பதைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். சின்னமுத்து கைலியைக் கட்டிக்கொண்டு, அங்கேயே குடியிருக்கிறவன் மாதிரி பல் குச்சியோடு வாசலில் நின்றான்.

"இப்பிடி நிக்கிறது சரியா இருக்கா, மகாராணி?"

"ஒம்பது மணிக்குப் பல்லு வெளக்குறவன் எந்த ஊர்லப்பா இருக்கான்?"

"நான் எங்க இருந்தாலும் ஒம்பது மணிதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

யார் வீட்டிலோ கடுகு வெடித்தது. யோகராஜின் பிள்ளைகள் தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடி அளந்தார்கள். நாய் எழுந்து நின்று யாரைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தது. மகாராணிக்கு அன்று மூன்று வீட்டிலிருந்து காப்பி வந்தது. மூன்றையும் குடித்தாள்.

செல்லக்கிளி வரவில்லை.

பத்தரைக்கு நகராட்சி வண்டி முக்கில் நின்றது. என்ஜினியர் மேடம் இறங்கினார். பானுப்பிரியா என்று பெயர், சின்ன வயதுதான். பின்னால் அருள்பாண்டி. மேடம் கையில் இருந்த பேடில் எதுவும் எழுதாமல் மெதுவாக நடந்து வந்தார். திறந்த கதவுகளைப் பார்ப்பதைவிட அதிகமாகத் தரையைப் பார்த்தார்.

"எல்லா வாசல்லயும் ஒரே கைக் கோலமா இருக்கே?" என்றார்.

வேலுத்தாய் மகாராணியைப் பார்த்தாள். சின்னமுத்து பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். அருள்பாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மூலைக்கு மூணு புள்ளி. அந்தத் தலைவீட்டுல இருந்து இங்க வரைக்கும். யாரு போட்டது?"

மகாராணியின் கையில் இன்னும் கோலப்பொடி ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்தாள். நான்தான் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தபோது பக்கத்து வாசலில் வாளி உருளும் சத்தம் கேட்டது.

செல்லக்கிளி நின்றுகொண்டிருந்தாள். எஸ்டேட் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். கால் செருப்பில் மேற்குமலைச் செம்மண். எல்லோரும் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் வந்த நேரம் யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் வந்து பின் சந்து வழியாக ஏறியிருக்க வேண்டும். அவள் காலடியில் ஒரு கோலம் இருந்தது. அவசரத்தில் போட்டது. ஒரு இழை பருத்தும் ஒரு இழை இளைத்தும் போய், ஒரு மூலை மூடாமலே நின்றிருந்தது.

"என் வாசல்ல நான்தான் போட்டேன். இதும் அந்தக் கையின்னு சொல்லுவீகளா?" என்றாள் செல்லக்கிளி.

மேடம் அதைக் குனிந்து பார்த்தார். முகத்தில் இலேசாகச் சிரிப்பு வந்தது. "சொல்ல மாட்டேன்" என்றார்.

"அவளுக்குக் கோலக்கிறுக்கு மேடம். எந்த வாசல்ல கேட்டாலும் போட்டுக் குடுப்பா. என்னய மட்டும் கேக்க மாட்டா. எங்களுக்குள்ள ஆகாது. ஆகாத வீட்டுக்காரி பொய் சொல்லுவேனா? எல்லாரும் இங்கனதான் இருக்கோம். தண்ணி இல்லாமத்தான் அங்கிட்டும் இங்கிட்டும் அலையுறோம்."

மேடம் பேடில் ஏதோ எழுதினார். ஆறு வாசல் என்று எழுதினாரா, கோலத்தைப் பற்றி எழுதினாரா என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டியில் ஏறும்போது அருள்பாண்டி மட்டும் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மகாராணி பக்கத்து வாசலுக்குப் போனாள். படி ஏறவில்லை. "ஒரு வாய் சாப்புட்டுப் போயேன். கொழம்பு வச்சிருக்கேன்."

"பஸ்சு இருக்கு" என்றாள் செல்லக்கிளி. வீட்டைப் பூட்டினாள். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். அப்புறம் அதை இடுப்பில் செருகிக்கொண்டு பின் சந்தில் இறங்கிவிட்டாள்.

மாலைக்குள் மற்றவர்களும் கிளம்பினார்கள். சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஜீப்பு முக்கில் திரும்பும்போது பிள்ளைகள் கை காட்டின. ஆக்கிய குழம்பு அவளுக்கு மூன்று நாளைக்கு வந்தது.

தை பிறந்ததும் ஜேசிபி மேட்டுத் தெருவில் ஏறியது. தோண்டிய மண் எல்லா வாசலிலும் மலையாகக் குவிந்தது. கீழ்த் தெருக்களில் அதற்குத் தினமும் சண்டை நடந்ததாம். இங்கே சண்டை போட ஆளில்லை என்று வேலைக்காரர்களுக்கு நிம்மதி. மதியம் அவள் வீட்டு வாசல் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த நாட்களில் பேச்சுத் துணை இருந்தது. அருள்பாண்டி பழைய குழாயின் துண்டு ஒன்றைத் தூக்கிவந்து காட்டினான். வெளியே கையகலம். உள்ளே துரு கட்டி கட்டியாக ஏறி, நடுவில் ஒரு விரல் போகும் ஓட்டை மட்டும் மிச்சம்.

"இது வழியா எங்கிட்டுக்கா தண்ணி ஏறும்?"

மகாராணி அந்த ஓட்டைக்குள் பார்த்தாள். மோட்டார் வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும் அவள் குடத்துக்கு இவ்வளவுதான் வந்திருக்கும் போலிருந்தது. 

கறுப்புக் குழாய் பதித்து, ஒவ்வொரு வீட்டின் பழைய இணைப்பையும் அதோடு கோர்த்து, மண்ணை மூடினார்கள். வேலைக்காரர்கள் போனார்கள். மாசி மாதம் ஒரு காலையில் ஆட்டோ ஒன்று மைக்கோடு மேட்டில் ஏறி, 'சோதனை ஓட்டமாக இன்று தண்ணீர் திறந்து விடப்படுகிறது, பொதுமக்கள் தங்கள் வீட்டுக் குழாய்களைச் சரிபார்த்துக்கொள்ளவும்' என்று பூட்டிய கதவுகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பியது.

மகாராணி குழாய்க்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் காற்று சீறியது. அந்தச் சீறலைக் கேட்டு எத்தனை வருடம்! குழாய் இரண்டு தரம் இருமியது. அப்புறம் தண்ணீர் கயிறு மாதிரி இறங்கிக் குடத்தின் அடியில் விழுந்தது. ஒரு வாய் குடித்தாள். ஜில்லென்று இருந்தது. குடம் நிரம்பியதும் சின்னக் குடத்தை வைத்தாள், அண்டாவை வைத்தாள். வீட்டில் இருந்த எல்லாம் நிரம்பிய பின்னால் முதன்முறையாகக் கையால் குழாயைத் திருகி மூடினாள்.

மூடியும் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. குடத்தின் அடியில் விழும் கனத்த சத்தம் மெல்ல மெல்லக் கழுத்துக்கு ஏறிய சத்தமாக மாறியது. செல்லக்கிளி வந்துவிட்டாளா? மகாராணி எழுந்து வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டில் தண்ணீர் விழுந்தது. அடுத்த வீட்டில் விழுந்தது. தெரு முழுக்க எல்லா வீட்டுக்குள்ளும் யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் அவள் அப்படித்தான் நினைத்தாள். எல்லாக் கதவிலும் பூட்டுத் தொங்கியது.

அப்போதுதான் உறைத்தது. யாரும் குழாயை மூடியதே இல்லை.

ஆணியிலிருந்து சாவிகளை அள்ளிக்கொண்டு நடந்தாள். ஓடத்தான் நினைத்தாள், இடுப்பு விடவில்லை. வேலுத்தாய் வீட்டில் குடம் நிரம்பி வழிந்து தண்ணீர் நடைவரை வந்திருந்தது. மூடினாள். மருதாயி வீட்டில் அடுப்படியில் அரிசிப் பானை மிதந்தது. மூடினாள். சின்னமுத்து வீட்டுக் குழாயில் திருகு பிடி இறுகிப்போயிருந்தது, முந்தானையைச் சுற்றித் திருகினாள். தலைவீடுவரை போய்த் திரும்பும்போது ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்கியிருந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. செல்லக்கிளி கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்து, படி இறங்கி, அவள் வாசல் மண்ணில் ஓடியது.

போன் போட்டாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தாள் செல்லக்கிளி.

"உன் வீட்டுல தண்ணி ஓடுது. வெரசா வா."

"தண்ணியா? எங்க வீட்டுலயா?" மிஷின் சத்தம் தூரப் போனது. வெளியே வந்திருக்க வேண்டும். "எம்புட்டு?"

"கதவுக்கு வெளிய வந்துருச்சு."

செல்லக்கிளி திடீரென்று சிரித்தாள். "மோட்டாரு இல்லாமலேயா?"

"மோட்டாரு இல்லாமத்தான். வா செல்லக்கிளி. சாவி உன்கிட்டயில்ல இருக்கு."

"நான் பஸ்சப் புடிச்சு எறங்கி வர மத்தியானமாயிரும். பூட்ட ஒடச்சிருங்க, மதினி."

சண்டைக்கு முன்னால் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். 

"ஒடைக்கவா?"

"ஒடச்சுட்டு வேற பூட்டு வாங்கிப் போடுங்க. சாவிய நீங்களே வச்சுக்கங்க."

"நீ வந்து பாத்துட்டுப் போயேன். தண்ணி நல்லா வருது. குடிச்சுப் பாத்தேன். முன்னாடி மாதிரி இல்ல."

"வரணும்தான். பயலுக்கு இங்கனதான் பள்ளிக்கொடம். அவருக்கும் ஸ்டோர்ல சூப்பர்வைசர் ஆக்கிருக்காங்க. தண்ணி வந்துருச்சுல்ல, யாருக்காச்சும் வாடகைக்கு விடலாமான்னு பேசிக்கிட்டு இருந்தோம். ஆளு இருந்தா சொல்லுங்க, மதினி."

வாடகைக்கு வரும் ஆள் அந்த மேட்டில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "சொல்றேன்" என்றாள் மகாராணி.

முக்கில் வால்வுக்குக் காவலாக நின்றிருந்த அருள்பாண்டியைக் கூப்பிட்டாள். அவன் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டியதும் துருவேறிய பூட்டு கையோடு வந்தது. உள்ளே கணுக்கால் தண்ணீர். குழாயின் வாயில் வடிகட்டத் துணி கட்டியிருந்தது, துருவில் செங்கல் நிறமாகியிருந்தது. கீழே தரையில் மோட்டார் இருந்த இடத்தில் நாலு போல்ட் ஓட்டை. அவற்றை அடைக்கக்கூட இல்லை. மகாராணி குழாயை மூடினாள். இருவருமாகத் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றினார்கள்.

தெரு அமைதியானது. அவளுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க" என்றான் அருள்பாண்டி, பேண்ட்டைப் பிழிந்துகொண்டே. "பைப்பு போட்டாச்சுன்னு விட்டுற மாட்டாங்க. மறுபடி பாக்க வருவாங்க. புழக்கம் இல்லாத வீட்டு இணைப்ப வெட்டிருவாங்க. பாதிக்கு மேல வெட்டுனா, இந்தத் தெருவுக்குன்னு எதுக்கு வால்வு தொறக்கணும்னு அடைச்சுருவாங்க. உங்க ஒரு வீட்டுக்காக ஏத்த மாட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

"அது சொல்லிட்டா வருவாங்க?"

அன்று மாலை இனியவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "தண்ணி வந்துருச்சுப்பா. வீட்டுக்குள்ளயே வருது."

"அப்படியா! ரொம்ப நல்லதும்மா" என்றான். அவன் குரலில் ஒரு பாரம் இறங்கியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "அப்ப நீ அங்கயே இருந்துக்கம்மா. இங்க வந்தாலும் உனக்குச் சரிப்படாது. ரோஜாகிட்ட நான் சொல்லிர்றேன்." ஒரு தடவையாவது, இருந்தாலும் வந்துட்டுப் போயேன் என்பான் என்று அவள் போனைக் காதில் வைத்தபடி இருந்தாள். கம்பெனியில் நைட்டு இருக்கிறது என்று அவன் வைத்துவிட்டான்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. இந்த வீட்டில் இருந்துகொள்ளலாம். யாரும் கூட்டிக்கொண்டு போக வரமாட்டார்கள்.

புதுப் பூட்டின் சாவிக்கு மஞ்சள் துணி கட்டி மற்றவற்றோடு ஆணியில் மாட்டினாள். இப்போது தெரு முழுவதும் அவள் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் தண்ணீர் வருகிறது. அந்த நாட்களில் மகாராணி கிட்டங்கிக்குத் தாமதமாகத்தான் போகிறாள். சாவிகளோடு வீடு வீடாகப் போய் ஒவ்வொரு குழாயிலும் ஒரு குடம் பிடிக்கிறாள். பிடித்ததை அந்தந்த வாசலில் தெளிக்கிறாள். மிச்சத்தை மருதாயி வீட்டு முருங்கைக்கு ஊற்றுகிறாள். வேலுத்தாய் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். சின்னமுத்துவின் பழைய கைலியை நனைத்துக் கொடியில் போட்டுவிட்டு வருகிறாள். இதையெல்லாம் செய்யும்போது சில நாள் அந்தந்த வீட்டு ஆளோடு பேசியும் விடுகிறாள். கேட்பவர்கள் யாருமில்லை. நாய் மட்டும் வீட்டுக்கு வீடு கூடவே வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும்.

கோலத்தில் மேடத்துக்குக் கண் உண்டு என்பதை அவள் மறக்கவில்லை. வேலுத்தாய் வாசலில் மூலைக்குப் புள்ளி வைப்பதில்லை. மருதாயிக்கு வளைவாக ஒரு கொடி. யோகராஜ் வாசலில் அவன் பெண்டாட்டி போடுகிற மாதிரி பெரிய நட்சத்திரம் ஒன்று. ஒவ்வொருத்தியும் எப்படிப் போடுவாள் என்று நினைவில் தேடிப் போடுவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது.

செல்லக்கிளி வாசலுக்குக் கடைசியாக வருகிறாள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கோலப்பொடியை இடது கையில் மாற்றிக்கொள்கிறாள். ஒரு இழை பருத்தும் ஒரு இழை இளைத்தும் வருகிறது. ஒரு மூலையை மூடாமல் விடுகிறாள். தள்ளி நின்று பார்த்தால் வேறொருத்தி போட்ட மாதிரியேதான் இருக்கிறது.